ஒன்பது பேர், ஒரு ஃபியட், பாலக்காட்டில் பழைய கார் கண்காட்சி

நீங்கள் கேட்டிருப்பது இது. பொள்ளாச்சியில் வீடு. பாலக்காட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய கார் கண்காட்சி. 76 வயது அப்பா, நீங்கள், மனைவி, இரண்டு பிள்ளைகள், கூட நண்பர் குடும்பம் நாலு பேர், ஆக ஒன்பது. அப்பாவின் 1971 ஃபியட் ஷெட்டில் ஓடுகிற நிலையில் நிற்கிறது. அதிலேயே போகலாமா, அங்கே எதைப் பார்ப்பது, பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் "போலாம்பா" என்று நச்சரிக்காமல் இருக்க என்ன வழி?

நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். நீங்கள் போகிற பாதையிலேயேதான் என் பட்டறை. முப்பது வருஷமாகப் பழைய வண்டிகளோடு மல்லுக்கட்டுகிறேன். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போங்கள், ஃபியட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள், ஆனால் காலை ஏழு மணிக்கு மைதானத்து வாசலில் நில்லுங்கள். பதினொரு மணிக்குப் போவதானால் வீட்டிலேயே இருந்துவிடலாம்.

ஏன் என்பதற்கு நான் செய்த தப்பையே சொல்கிறேன். பன்னிரண்டு வருஷம் முன்னால் கோயமுத்தூரில் ஒரு கண்காட்சி. என்னிடம் அப்போது மார்க் 2 அம்பாசடர் இருந்தது. அம்மா, மனைவி, இரண்டு பையன்கள், மச்சான், மச்சான் சம்சாரம், நான். எல்லோரும் குளித்து, பூ வைத்து, டிபன் கட்டிக் கிளம்பும்போது மணி பத்து. ஏப்ரல் மாசம். வேலந்தாவளம் தாண்டி சாவடிப் பக்கம் போகையில் வண்டி இரண்டு தடவை விக்கியது, மூன்றாவது விக்கலில் நின்றுவிட்டது. பானெட்டைத் தூக்கினால் அடுப்பைத் திறந்த மாதிரி. பெட்ரோல் பம்ப் கை வைக்க முடியாத சூடு. பெட்ரோல் குழாயிலேயே கொதித்து ஆவியாகிக் குமிழி கட்டிக்கொண்டது. குமிழியைப் பம்பால் இழுக்க முடியாது, பெட்ரோலைக் காற்றோடு கலக்கிற கார்புரேட்டர் காய்ந்துபோகும். இதற்கு வேப்பர் லாக் என்று பேர்.

மச்சான் சம்சாரம் ரோட்டோரம் நின்றுகொண்டு, "ஏனுங்கண்ணா, பஸ்ல போயிருந்தா இந்நேரம் பாத்துப்போட்டே திரும்பியிருக்கலாமுங்க" என்றாள். அம்மா ஒன்றும் பேசவில்லை. வெயிலுக்காகத் தலையில் போட்டிருந்த ஈரத் துண்டை எடுத்து நீட்டினார். அதைப் பம்பின் மேல் சுற்றி, மேலே தண்ணீர் ஊற்றி, வேப்பமரத்தடியில் கால் மணி நேரம் உட்கார்ந்தோம். பிறகு ஒரே செல்ஃபில் எடுத்தது.

போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டரை. வண்டிகள் வரிசையாக நின்றன, சுற்றிலும் கயிறு. பானெட்டுகள் மூடியிருந்தன. ஓனர்கள் சாப்பாட்டுப் பந்தலில். பெரியவன் ஒரு சுற்று வந்துவிட்டு, "அப்பா, இதையெல்லாம் போன்லயே பாத்துக்கலாமே" என்றான். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் பையன் சொன்னதில் தப்பில்லை. நிற்கிற கார் வெறும் படம்.

அடுத்த வருஷம் யாரையும் கூட்டிக்கொள்ளாமல் காலை ஆறரைக்கே போய் கேட்டுக்கு வெளியே நின்றேன். ஒரு சின்ன லாரியிலிருந்து இரண்டு பலகையைச் சாய்த்து ஆஸ்டின் செவன் ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தார்கள். 1930-களின் வண்டி, எஞ்சின் 747 சி.சி., ஒரு பெரிய சோபா அளவுக்குத்தான் இருக்கும். வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவர் ஒருவர் முன்னால் குந்தி, ரேடியேட்டருக்குக் கீழே, எஞ்சினைக் கையால் சுற்றிக் கிளப்புகிற ஹேண்டிலைச் செருகினார். அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு விரலும் கம்பியின் ஒரு பக்கம். கட்டைவிரலும் அதே பக்கம், மற்ற நாலோடு ஒட்டி. நாம் எதையும் பிடிக்கிற மாதிரி சுற்றிப் பிடிக்கவில்லை. நேரம் தவறி ஸ்பார்க் விழுந்தால் எஞ்சின் எதிர்த்து உதைக்கும், ஹேண்டில் தலைகீழாகச் சுழலும், சுற்றிப் பிடித்த கட்டைவிரல் முறிந்துபோகும். அதற்காகத்தான் அவர் உள்ளே உட்கார்ந்திருந்த மகனிடம், "ரிடார்ட் பண்ணிட்டியாடா?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். ஸ்பார்க்கைத் தாமதப்படுத்துகிற குட்டி லீவர் ஸ்டேரிங் பக்கம் இருக்கும். கீழிருந்து மேலாக ஒரு இழுப்பு. இருமல். இன்னொரு இழுப்பு. வண்டி மொத்தமும் ஒரு குலுக்குக் குலுங்கி, தையல் மெஷின் மாதிரி ஓட ஆரம்பித்தது. வாசல் செக்யூரிட்டி கைதட்டினார். நானும்தான்.

1912-இல் கேடிலாக் காரில் மின்சார செல்ஃப் வருகிற வரைக்கும் உலகத்தில் ஏறக்குறைய எல்லா பெட்ரோல் காரும் இப்படித்தான் காலையில் கண் விழித்தது. இதைப் பத்து வயதுப் பிள்ளைக்கு அரை மணி நேரம் விளக்கினாலும் ஏறாது. அந்த ஒரு இழுப்பைப் பார்த்தால் போதும். அதனால்தான் ஏழு மணி என்கிறேன். வண்டிகள் வந்து சேருகிற இரண்டு மணி நேரமும், சாயங்காலம் கிளம்புகிற ஒரு மணி நேரமும்தான் கண்காட்சி. நடுவில் இருப்பது பார்க்கிங்.

இனி உங்கள் ஃபியட். ஒன்பது பேரில் அதில் மூன்று பேர் போதும். அப்பா முன்சீட்டில், நீங்கள் ஸ்டேரிங்கில், பின்னால் உங்கள் நண்பர். பிள்ளைகளை இன்னொரு காரில் ஏற்றுங்கள். 1971 வண்டியில் சீட் பெல்ட் கிடையாது, கோபாலபுரம் ரோட்டில் தேங்காய் லாரியும் எம்-சாண்ட் டிப்பரும் வருகிற வரத்துக்கு அது விளையாட்டில்லை. மைதானத்துக்குள் ஒரு ரவுண்டு ஏற்றிக்கொண்டு போங்கள், அது போதும். புது வண்டி முன்னால் பறக்கக் கூடாது, ஃபியட்டின் பின்னால்தான் வரவேண்டும். ஐம்பதைத் தாண்டாதீர்கள்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னால் பெட்ரோல் ஹோஸ் அத்தனையும் மாற்றிவிடுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். உங்கள் வண்டியின் ரப்பரும், பம்பின் டயஃப்ரமும், கார்புரேட்டர் பேக்கிங்கும் அந்தக் காலத்துச் சரக்கு. எத்தனால் பட்டால் உப்பும், பிசுபிசுக்கும், வெடிக்கும். சொட்டுகிற பெட்ரோல் சூடான மேனிஃபோல்டில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எத்தனாலுக்கு இன்னொரு குணம், காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆறு மாசம் டேங்க்கில் பழைய பெட்ரோலோடு நின்ற வண்டி என்றால் அடியில் தண்ணீரும் துருவும் நிச்சயம். இறக்கிக் கழுவிவிட்டுப் புதுசு ஊற்றுங்கள். எத்தனாலுக்குத் தோதான ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள், மீட்டர் கணக்கில் கிடைக்கும்.

டிக்கியில் ஃபேன் பெல்ட் ஒன்று, ஸ்பார்க்குக்கான பாயிண்ட் செட், கண்டென்சர், இரண்டு பிளக், கட்டுக்கம்பி, ஐந்து லிட்டர் தண்ணீர், ஒரு பழைய காட்டன் துண்டு. அந்தத் துண்டு எதற்கென்று இப்போது தெரியும். காலை ஐந்தரைக்கே கிளம்பினால் அதற்கு வேலையே இருக்காது. சூடு ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள்.

பேப்பர் விஷயம். 15 வருஷம் தாண்டிய சொந்தக் காருக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். அதுவும், இன்ஷூரன்ஸும், புகைச் சான்றும் கையில் இருந்தால் எல்லையில் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். விண்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்யலாமா என்று யோசித்தால், 2021 ஜூலையில் மத்திய அரசு அதற்கு விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும், வண்டி அசல் வடிவத்திலேயே இருக்க வேண்டும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும், புதிதாகப் பதிவாகிற வண்டிக்கு நம்பரில் மாநில எழுத்துக்கு அடுத்து 'வி.ஏ.' என்று வரும், ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். உங்கள் ஃபியட்டுக்கு வயது சரிதான். ஆனால் அந்தப் பதிவு வாங்கினால் கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க என்று மட்டும்தான் ரோட்டில் இறக்கலாம். அப்பா இன்னும் அதை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகிறார் என்றால் இப்போதைக்கு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

உள்ளே போனபின் எதைப் பார்ப்பது என்று கேட்டீர்கள். எல்லாவற்றையும் பார்க்காதீர்கள். நம் பக்கத்துக் கண்காட்சிகளில் பெரும்பாலும் 1939 வரைக்கும் உள்ளதை விண்டேஜ் என்றும், அதற்கு அப்புறத்தை கிளாசிக் என்றும் பிரித்து நிறுத்துவார்கள். பிரிட்டிஷ் கணக்கு வேறு, அங்கே 1919 முதல் 1930 வரைதான் விண்டேஜ், அதற்கு முந்தையது வெட்டரன், எட்வர்டியன் என்று போகும். பேரை விடுங்கள். நம் தாத்தாக்களுக்கு எல்லாமே 'பிளசர்'. ஊருக்குள் பிளசர் வந்தால் பின்னாலேயே ஓடிய தலைமுறை அது.

வரிசையைப் பார்க்கும்போது ஒரு விஷயம் கண்ணில் படும். 1920-கள், 30-கள், 40-களில் ஃபோர்டு, செவர்லே, டாட்ஜ், பிளிமத், ஆஸ்டின், மோரிஸ் என்று ஊர்வலமே இருக்கும். அறுபதுகளுக்கு வந்தால் திடீரென்று மூன்றே மூன்று பேர்: அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஏன்? ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் பம்பாயில் கார் பூட்டியது. ஃபோர்டும் இங்கே பூட்டியது. பூட்டியது என்றால் பெட்டியில் வந்த பாகங்களைச் சேர்த்து முடுக்குவது மட்டும்தான். 1950-களின் தொடக்கத்தில், இங்கேயே பாகங்களைத் தயாரிக்கத் திட்டமில்லாதவர்களுக்கு இடமில்லை என்று அரசு முடிவெடுத்தது. அந்த இரண்டு கம்பெனியும் மூட்டை கட்டின. மிஞ்சியவர்களுக்குள்தான் அடுத்த முப்பது வருஷம். சில அமெரிக்கக் கார்களுக்கு ஸ்டேரிங் வலப்பக்கம் இருப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் கேட்பார்கள். இந்தியாவுக்கு வந்த ஃபோர்டுகள் கனடா கம்பெனியின் வழியாக வந்தவை, பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட நாடுகளுக்கு என்றே செய்தவை.

அந்த மூன்றில் ஹெரால்டைத்தான் நான் முதலில் காட்டுவேன். காரணம் ஊர்ப்பாசம், மறைக்கவில்லை. அம்பாசடர் வங்காளத்து உத்தர்பாராவில் பிறந்து 2014 வரை ஓடியது, அடிப்படை மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. உங்கள் ஃபியட் பம்பாய்ப் பிறவி, பத்மினி என்ற பேர் எழுபதுகளில்தான் ஒட்டியது. ஹெரால்டு மட்டும்தான் மெட்ராஸ் பக்கத்தில், வண்டலூரை ஒட்டிப் பிறந்தது, 1961 முதல். ஓனரிடம் பானெட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பானெட் மட்டும் திறக்காது, இரண்டு மட்கார்டும் சேர்ந்து மூக்கு மொத்தமும் முன்பக்கமாகச் சாயும், முதலை வாய் மாதிரி. டயர் மேல் உட்கார்ந்துகொண்டே பிளக் கழற்றலாம். இன்றைய வண்டியில் ஒரு ஹெட்லைட் பல்ப் மாற்ற பம்பரையே கழற்றுகிறோம், அந்த வயிற்றெரிச்சல் மெக்கானிக்குக்குத்தான் தெரியும்.

ஃபோர்டு மாடல் டி வந்திருந்தால், அதன் பெடல்களைப் பாருங்கள். மூன்று பெடல் இருக்கும், ஆனால் அந்தந்த இடத்தில் நாம் பழகிய வேலையை மூன்றுமே செய்யாது. இடது பெடல் கியர், நடுவில் உள்ளது ரிவர்ஸ், வலது பிரேக். ஆக்ஸிலேட்டர் ஸ்டேரிங்குக்குக் கீழே கையால் இழுக்கிற லீவர். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டி இப்படியே விற்றது. பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில், பம்ப் கிடையாது, தானாக வடிந்து எஞ்சினுக்கு வரவேண்டும். செங்குத்தான மேட்டில் மூக்கு மேலே போனால் பெட்ரோல் வடியாது. அதற்கு அந்தக் காலத்து டிரைவர்கள் கண்ட வழி, வண்டியைத் திருப்பி ரிவர்ஸிலேயே மேடேறுவது. வால்பாறை ரோட்டில் அப்படி ஏறுவதை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வேட்டை கொடுங்கள். 'ஸ்டார் ஸ்க்ரூவைக் கண்டுபிடி.' தலையில் கூட்டல் குறி போட்ட ஸ்க்ரூ கார் கம்பெனிகளுக்கு வந்தது 1930-களின் நடுவில்தான். அதற்கு முன்னால் பெரும்பாலும் ஒற்றைக் கோடு. 1928 என்று போர்டு வைத்த வண்டியின் டேஷ்போர்டில் ஸ்டார் ஸ்க்ரூ இருந்தால், நடுவில் யாரோ ஒரு மெக்கானிக் கை வைத்திருக்கிறான் என்று அர்த்தம். என் சின்னவன் ஒரு தடவை மூன்று வண்டியில் கண்டுபிடித்து, ஓனர்களிடமே போய்ச் சொல்லிவிட்டான். இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர் சிரிக்கவில்லை. கண்டுபிடித்ததைக் காதோடு சொல்லப் பழக்கிவிடுங்கள்.

இன்னும் உண்டு. கதவுத் தூணிலிருந்து வெளியே நீட்டுகிற கைகாட்டி எந்த வண்டியில் இருக்கிறது, முன்கதவு தலைகீழாகத் திறக்கிற ஃபியட் எது (ஐம்பதுகளின் ஃபியட்டில் முன்கதவின் கீல் பின்பக்கம்), ரேடியேட்டரே இல்லாத கார் எது. கடைசியதற்கு விடை, வோக்ஸ்வாகன் பீட்டில். எஞ்சின் பின்னால், குளிர்விப்பது காற்று. மரச் சக்கரம் உள்ள வண்டி வந்தால் மெதுவாக நகரும்போது காது கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். கிறீச் கிறீச் என்று முனகினால் ஆரக்கால் காய்ந்திருக்கிறது. நம் பாலக்காட்டுக் கணவாயில் மார்கழி, தை மாசத்தில் அடிக்கிற கீழைக்காற்று உதட்டையே வெடிக்க வைக்கும், மரத்தை விடுமா? வண்டிச் சக்கரத்தைக் குளத்தில் இறக்கி ஊற வைத்த அதே வைத்தியத்தைப் பழைய டிரைவர்கள் காருக்கும் செய்தார்கள்.

மினுமினுப்பைக் கண்டு ஏமாறாதீர்கள். கண்ணாடி மாதிரி பெயிண்ட் அடித்து, குரோம் பூசி, புது லெதர் தைத்த வண்டியைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும். அதற்குப் பக்கத்தில் பெயிண்ட் மங்கி, சீட்டு கிழிந்து, யாரும் சீண்டாமல் ஒன்று நிற்கும். அது ஃபேக்டரியிலிருந்து வந்தபடியே இருக்கலாம். விவரம் தெரிந்த நடுவர்கள் முதலில் போவது அங்கேதான். சேசிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா, கண்ணாடியில் பழைய கம்பெனி முத்திரை இருக்கிறதா, டயர் அந்தக் காலத்து அளவா என்று பார்ப்பார்கள். புது பெயிண்டை எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். அவரை உங்கள் வேகத்துக்கு இழுத்துக்கொண்டு திரியாதீர்கள். ஒரு மடக்கு நாற்காலியும் தண்ணீரும் கொடுத்து, அவர் காலத்து வண்டிகள் நிற்கிற இடத்தில் உட்கார வைத்துவிடுங்கள். என் தாய்மாமா நெல்லியாம்பதி எஸ்டேட் ஒன்றில் டிரைவராக இருந்தவர். சாகிற காலத்துக்கு இரண்டு வருஷம் முன்னால் ஒரு கண்காட்சிக்குக் கூட்டிப்போனேன். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஐம்பதுகளின் டாட்ஜ் ஒன்றின் முன்னால் போய் நின்றவர், நகரவே இல்லை. ஓனர் ஒற்றப்பாலத்துக்காரர், பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார். "கேறி இரிக்கூ அம்மாவா." ஏறி உட்காருங்கள் மாமா என்று அர்த்தம். மாமா செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார். இடது கை தானாக எழும்பி ஸ்டேரிங்குக்குப் பக்கத்து கியர் ராடில் போய் உட்கார்ந்தது. கண் ரோட்டைப் பார்க்கிற மாதிரி நேரே இருந்தது. கால் கிளச்சை ஒரு தடவை மிதித்தது, விட்டது, திரும்ப மிதித்தது. டபுள் கிளச். அந்தக் காலத்து கியர்பாக்ஸில் முதல் கியரில், பற்களின் வேகத்தைச் சமப்படுத்துகிற சிங்க்ரோமெஷ் கிடையாது, ஓட்டத்தில் முதலுக்கு இறக்க வேண்டும் என்றால் அப்படித்தான். எஞ்சின் ஓடவில்லை, அது வேறு விஷயம். பத்து நிமிஷம் கழித்து இறங்கினவர் அன்று ராத்திரி வரை பேச்சை நிறுத்தவில்லை. எந்தக் கொண்டை ஊசியில் யானை வழி மறித்தது, எந்த துரை தண்ணி போட்டுவிட்டு ஸ்டேரிங்கைப் பிடுங்கினார் எல்லாம் வந்தது. உங்கள் அப்பாவும் பேசுவார். பிள்ளைகளில் ஒருவரைப் பக்கத்தில் விட்டுவிட்டு, நீங்கள் நகர்ந்துவிடுங்கள். பெற்ற மகன் பக்கத்தில் நின்றால் சில கதைகள் வெளியே வராது.

ஓனர்களிடம் பேசும்போது "என்ன விலை வரும்?" என்று ஆரம்பிக்காதீர்கள். "என்ன மைலேஜ்?" அதைவிட மோசம். "இது உங்களுக்கு எப்படிக் கிடைச்சதுங்க?" என்று கேளுங்கள். கோழிக்கூண்டாகக் கிடந்தது, காயலான் கடையில் வெட்டுவதற்கு முதல்நாள் பார்த்தேன், மாமனார் கொடுத்தது என்று ஏதாவது ஒரு கதை கட்டாயம் இருக்கும். சொல்லி முடித்ததும் அவராகவே பானெட்டைத் திறப்பார். பெல்ட் பக்கிளும், தோளில் தொங்குகிற பையும், பெண்கள் வளையலும் பெயிண்டுக்கு எமன், சாய்ந்து நின்று போட்டோ எடுக்கக் கூடாது. பிள்ளைகள் கையில் ஐஸ்கிரீம் இருந்தால், "தொடல்லே மோனே" என்று நாலு பக்கமிருந்தும் குரல் வரும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பத்தரைக்கு மேல் வெயில் ஏறிவிடும். அப்போது வெளியே வந்துவிடலாம். டிபனை அதுவரை தள்ளிப்போட்டால் எலப்புள்ளிப் பக்கம் ராமசேரிக்கு ஒரு நடை போங்கள். மண்சட்டி வாயில் வலை மாதிரி நூல் கட்டி, மேலே துணி விரித்து ஊற்றுகிற தட்டை இட்லி. தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய முதலியார் குடும்பங்களின் கைப்பக்குவம், தலைமுறை தலைமுறையாக. போகும்போதே அங்கே நிறுத்தினால் ஏழு மணி தப்பிவிடும். நானும் ஒரு தடவை நிறுத்தி ஏமாந்தவன்தான்.

கோவை அவினாசி ரோட்டில் இருக்கிற ஜீடி கார் மியூசியத்தையும் அதே நாளில் சேர்த்துவிடலாமா என்று உங்கள் நண்பர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். வேண்டாம், அதற்குத் தனி நாள் வையுங்கள். ஜி.டி. நாயுடு 1920-இல் தானே ஓட்டிய முதல் பஸ் உங்கள் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில்தான் ஓடியது. அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு, மழைக்காலத்தில் ஒரு நாள் ஏ.சி.க்குள் நிதானமாகப் பாருங்கள். அங்கே வண்டிகள் எப்போதும் இருக்கும். இங்கே சாயங்காலம் போய்விடும்.

அந்தச் சாயங்காலத்துக்கு மூன்றரை மணிக்குத் திரும்ப மைதானத்துக்கு வந்துவிடுங்கள். காலையில் கம்பீரமாக வந்த வண்டிகளில் நாலைந்து கிளம்ப மறுக்கும். பகலெல்லாம் ஹார்ன் அடித்துக் காட்டி, லைட் போட்டுக் காட்டி பேட்டரி இறங்கியிருக்கும், அதிலும் 6 வோல்ட் வண்டிகள் சீக்கிரம் படுத்துவிடும். ஓனர் சுற்றிலும் பார்ப்பார். நாலு பேர் வாங்க என்று கூப்பிடுவார். அப்போது உங்கள் பிள்ளைகளையும் அனுப்புங்கள். காலையிலிருந்து தொடாதே தொடாதே என்று கேட்ட கைகள் அப்போது தொடலாம். மட்கார்டில் கை வைத்துத் தள்ளக் கூடாது, தகடு குழிந்துவிடும். கதவுத் தூணிலும் பின்கண்ணாடிக்குக் கீழே டிக்கியின் மேல் விளிம்பிலும் உள்ளங்கையை விரித்து வைக்கச் சொல்லுங்கள். எஞ்சின் பிடித்ததும் உடனே விலகி நிற்கவேண்டும், முதல் புகை கறுப்பாக வரும்.